முதலில் கேள்வியை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராணுவத்தில் நாலு வருஷப் பணிக்கு எடுக்கும் அக்னிவீர் ஆள்சேர்ப்பில், கணினி வழியாக எழுதும் தேர்வை முதலில் வைத்தது கிராமத்துப் பையன்களுக்குச் செய்கிற அநியாயம், அதை எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆதங்கம் புரிகிறது. 2023க்கு முன்பு 1.6 கிலோமீட்டர் ஓடி, பீம் அடித்து (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), ஒன்பதடி பள்ளம் தாண்டி, மெடிக்கலும் முடிந்த பிறகுதான் எழுத்துத் தேர்வு. இப்போது மைதானத்தை மிதிப்பதற்கு முன்பே பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

எங்கள் ஊர் மைதானத்தில் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு மாதிரி வினாத்தாள் கொடுத்துப் பார்க்கிறேன். எல்லாரிடமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஜி.டி. என்கிற பொதுப்பணி வீரர் வேலைக்குக் கேட்கும் 45 சதவீத மதிப்பெண்ணும் இருக்கிறது. இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கை வாயால் சொன்னால் ஒருவன் மனக்கணக்காகவே போட்டுவிடுகிறான். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் மூன்று வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துபோய் மறுபடி முதல் வரிக்கு வருகிறான். ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, தப்புக்கு மதிப்பெண் வேறு கழியும், அவன் எங்கே போவான்? 2025 முதல் தமிழிலேயே எழுதலாம் என்பதால் இங்கிலீஷ் மேலும் பழி போட முடியாது.

தகுதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டது. வியட்நாம் போருக்கு ஆள் போதாமல் 1966இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா, நுழைவுத் தேர்வில் தேறாதவர்களையும் படையில் சேர்த்தார். சில ஆண்டுகளில் மூன்று லட்சம் பேருக்கு மேல். உள்ளே வந்ததும் படிக்கக் கற்றுக்கொடுப்போம் என்றார்கள், மிகச் சிலருக்குத்தான் அது கிடைத்தது. நிறையப் பேர் நேராகப் போர்முனைக்குப் போய், மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் செத்தார்கள். 2022இல் மறுபடி ஆள் பஞ்சம் வந்தபோது அதே நாடு வேறு மாதிரி யோசித்தது. தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில், மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்களை 90 நாள் வரை தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துத் திரும்பத் தேர்வு எழுதவைக்கிறார்கள், தேறினால்தான் அடிப்படைப் பயிற்சி.

அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன். படையில் சேர்ந்த பிறகும் வரைபடம், வயர்லெஸ், ஆயுதக் குறிப்பு என்று எல்லாமே வாசிப்புதான். நாலு வருஷம் கழித்து நாலில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பணி, மீதிப் பேர் வெளியே வந்து வேறு வேலைக்குத் தேர்வு எழுதத்தானே வேண்டும்?

மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறைகள் இருக்கின்றன, பென்ஷன் வாங்கிக்கொண்டு டீக்கடையில் அரசியல் பேசும் ஹவில்தார்களும் இருக்கிறோம். மூன்று மாத வாசிப்பு வகுப்புக்கு இது போதும், ஆட்சியர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஆரம்பித்துவிடலாம். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் நாள் பற்றாது, இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
வேலூர் மாவட்டம்