ஒரு பழைய சட்டை கொடுத்தனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் 18 வருடமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். போன வாரம் ஒரு தாய், பிள்ளையின் சட்டையைக் கையில் பிடித்தபடி வந்தார். "டீச்சர், அ, ஆ சொல்லிக் கொடுப்பீங்கன்னு அனுப்புனா, மஞ்சத் தண்ணியில விழுந்த மாதிரி வருதே புள்ள" என்றார். அவர் கோபம் எனக்குப் புரியும். கடல்பாசி எடுத்துவிட்டு வந்து, காசு கொடுத்து வாங்கிய குடத்துத் தண்ணீரில் துவைக்கிறவர் அவர். ஆனாலும், பிள்ளைகள் கையால் அளைந்து விளையாட நான் வண்ணப் பசை செய்து கொடுத்த அன்று நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

சுவரொட்டி ஒட்டக் காய்ச்சுவோமே, அந்த மைதாப் பசைதான். ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் கிண்டி, ஆற வைத்து, மூன்று கிண்ணமாகப் பிரித்தேன். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் முருங்கைக்கீரைச் சாறு. பழைய பிளக்ஸ் துணியை விரித்து நடுவில் ஊற்றினேன். எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்தார்கள், ஒருவன் தவிர. கையில் சோறு ஒட்டினாலே அழுகிற பிள்ளை அவன். ஓரமாக உட்கார்ந்து பார்த்தான். அப்புறம் சுண்டுவிரலை மட்டும் பசையில் வைத்து எடுத்தான், மோந்து பார்த்தான், மறுபடி வைத்தான். கால் மணி நேரத்தில் முழங்கை வரை மஞ்சள். கை கழுவும்போது சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பானது. "டீச்சர், ரத்தம்!" என்று கத்திவிட்டு, வலிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரித்தான் பாருங்கள்!

பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். மூன்று வயதிலும் அவை முழுதாக எலும்பாகியிருக்காது. அந்தக் கைக்குப் பிசைவதும் பிழிவதும் உருட்டுவதும்தான் முதலில் வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால்தானே எழுத வைத்தார்கள்? எங்கள் தெருவில் ஒரு குழந்தையை நர்சரியில் சேர்த்த முதல் மாதமே நான்கு கோடு நோட்டு கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அது பென்சிலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறது.

கடையில் விற்கும் கலர்ப்பொடி நான் வாங்குவதில்லை, கண்ணில் பட்டால் ஆபத்து. வாயில் போடக்கூடிய சின்னச் சிப்பி, சோழியும் கிடையாது. பசையை மறுநாளைக்கு வைப்பதில்லை, புளித்துவிடும். தண்ணீர்தான் பெரும்பாடு. இரண்டு வாளி வைத்துக்கொள்கிறேன்: ஒன்றில் கடல் தண்ணீர், அதில் முதல் அலசல். இன்னொன்றில் நல்ல தண்ணீர். 14 பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாளி நல்ல தண்ணீர் போதுகிறது. கடலோர மையங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் போக, கை கழுவ ஒரு டிரம் தண்ணீர் தனியாகக் கிடைத்தால் வாரத்தில் மூன்று நாள் இதைச் செய்யலாம். அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. மஞ்சள் கறையைக் கண்டு பயப்படாதீர்கள். சோப்பு போட்டால் சிவக்கும், அலசி இரண்டு நாள் நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் நன்றாக மங்கிவிடும். அதுவும் வேண்டாம் என்றால், அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கையை மடித்து, முன்பக்கம் பின்னால் வருகிற மாதிரி மாட்டினால் பிள்ளைக்கு முழங்கால் வரை மறைக்கும். முதுகில் பட்டன் போட்டுவிட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.