மாடி குடுத்த மகராசங்களுக்கு ஒரு நன்றி மடல்

நம்ம ஊரு வைஃபை இப்ப மேலத்தெரு, நடுத்தெரு, பள்ளிக்கூடம், லைப்ரரின்னு பல எடத்துல ஓடிட்டு இருக்கு, காசு கெடையாது, போன் நம்பர போட்டு ஓடிபி அடிச்சா யாரு வேணாலும் உள்ள போலாம். பாக்குதவங்க எல்லாம் இத போட்ட எங்க பயலுவள புடிச்சு "சூப்பர்லே"ன்னு சொல்லுதாங்க, சந்தோஷம் தான், ஆனா அதுல முக்காவாசி போய்ச் சேர வேண்டிய ஆளுங்க வேற, அதுக்குத்தான் இத எழுதுதேன்.

இது மெஷ் நெட்வொர்க்கு. பெரிய டவரு ஒண்ணும் கெடையாது. ஓட்டு வீட்டுக்கு ஓடு மாத்தும்போது கீழ இருந்து மேல வர கை மாத்தி கை மாத்தி விடுவோம்லா, அது மாதிரி ஒரு மாடில இருக்க வைஃபை பொட்டி (ரவுட்டரு) அடுத்த மாடி பொட்டிக்கு டேட்டாவ தள்ளி விடும், நடுவுல ஒண்ணு படுத்துட்டா அதுவா வேற வழி பாத்துக்கிடும். அதனால காச விட முக்கியம் மாடி தான். ஒசரமா இருக்கணும், இங்க இருந்து பாத்தா அங்க தெரியணும், நடுவுல வேப்பமரம் வந்துச்சுன்னா கத முடிஞ்சு, எலையில இருக்க தண்ணி சிக்னல குடிச்சிரும், மழை பெஞ்சு நனைஞ்சிருந்தா இன்னும் மோசம்.

அதனால மொத நன்றி மேலத்தெரு ஆச்சிக்கு. ஊர்லயே ஒசரமான மாடி அவங்க வீடு தான், கேட்ட ஒடனே சரின்னுட்டாங்க. ஆனா டெய்லி ராத்திரி ஒம்பது மணிக்கு மேல மேலத்தெரு பூரா நெட்டு போயிரும், காலைல தானா வந்துரும், நாங்களும் சாஃப்ட்வேர நோண்டு நோண்டுன்னு நோண்டி ஒண்ணும் வெளங்கல, கடைசில பாத்தா ஆச்சி படுக்கப் போகும்போது சுச்ச அமத்திட்டுப் போறாங்க. "ஆளில்லாத மாடில எதுக்குலே மினுக்கு மினுக்குன்னு எரியுது, கரண்டு பில்ல உங்கப்பனா கெட்டுவான்?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி தான. பொட்டி ஏழு வாட்டு தான் இழுக்கும், ராவும் பகலும் ஓடுனாலும் ரெண்டு மாச பில்லுக்கு 10 யூனிட்டு வரும், மொத 100 யூனிட்டு எப்படியும் ஃப்ரீன்னு கணக்கு போட்டு காமிச்சோம். லைட்டு மேல மட்டும் ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கன்னாங்க, ஒட்டியாச்சு. இப்ப நெட்டு போனா மொத போன் ஆச்சிகிட்ட இருந்து தான் வருது.

அடுத்து மைக்செட் அண்ணாச்சி. கோயில் கொடைக்கு கூம்பு ஸ்பீக்கர் கட்டுத ஜிஐ பைப்பையும் கிளாம்பையும் சும்மா தூக்கி குடுத்தாரு, கூட வந்து ஏறியும் குடுத்தாரு. பொட்டிக்குள்ள கேபிள விடுறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு கட்டுனாரு பாருங்க, மழத்தண்ணி வயர புடிச்சே எறங்கி வந்தாலும் அந்த வளைவுல சொட்டிரும், பொட்டிக்குள்ள போவாது. இதெல்லாம் எந்த வீடியோலயும் எங்களுக்கு கெடைக்கல.

ஊருக்குள்ள ஒரு இன்டர்நெட் லைன பகிர்ந்து விடுறதுன்னா நம்ம இஷ்டத்துக்கு செய்ய முடியாது, அதுக்கு வழி காமிச்சது கேபிள் டிவி அண்ணாச்சி. 2020 டிசம்பர்ல வந்த பிஎம்-வாணி திட்டத்துல சின்ன கட வச்சிருக்கவங்க கூட லைசென்ஸ் இல்லாம, ஃபீஸ் கெட்டாம பப்ளிக் வைஃபை குடுக்கலாம்னு அவரு தான் சொன்னாரு, டீக்கட அண்ணாச்சி பேருல சேந்தோம். பம்பாய்லயும் சென்னைலயும் இருக்க நம்ம ஊர்க்காரங்க ஃபைபர் மாத்துனப்ப சும்மா கெடந்த பழைய ரவுட்டர எல்லாம் பார்சல்ல அனுப்பி விட்டாங்க, அதுல பாதிக்கு ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டிங்கிற ரவுட்டருக்கான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஏறுச்சு, மீதி சவம் ஏறல, அனுப்புன மனசுக்கு நன்றி.

முகம் தெரியாத ஆளுங்களும் இருக்காங்க. பெர்லின்ல ஃப்ரைஃபுங்க்னு நம்மள மாதிரியே ஊருக்கு வைஃபை போடுற ஒரு கூட்டம், அவங்க எழுதுன பேட்மேன்ங்கிற புரோட்டோக்கால் (டேட்டா எந்த வழில போகணும்ங்கிற விதிமுறை) தான் நம்ம பொட்டிக்கெல்லாம் வழி சொல்லுது (பேரு நெசமாவே அதான், சின்ன பயலுவளுக்கு ஒரே குஷி), 2011ல லினக்ஸ்ங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேரோட மையப் பகுதியான கெர்னல்லயே அத சேத்தாச்சு. ஸ்பெயின்ல கட்டலோனியா பக்கம் கம்பெனிக்காரன் எங்க ஊருக்கு வரலன்னு 2004ல கிராமத்து ஆளுங்களே ஆரம்பிச்ச குய்ஃபிங்கிற நெட்வொர்க்கு இன்னைக்கு 30,000 எடத்துக்கு மேல ஓடுது, அதப் பாத்துதான் எங்களுக்கு தைரியமே வந்துச்சு.

மாடி தரமாட்டோம்னு சொன்ன வீட்டுக்காரங்களுக்கும் நன்றி, கேலியா சொல்லல. கதிர்வீச்சு வரும்லான்னு நீங்க கேட்டதுனால தான் லைப்ரரில கூட்டம் போட்டு, போன காதுல வச்சு பேசுறத விட இது கம்மின்னு எல்லாருக்கும் சொல்ல முடிஞ்சுது.

2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். ஆத்தோரம் பல ஊருல கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல, அடுத்த தெருவுல இருக்க சொந்தக்காரன் இருக்கானா இல்லையான்னு தெரியாம தவிச்சோம். அதான் இப்ப பேட்டரி வச்சிருக்கோம், வெளி லைன் அத்துப் போனாலும் ஊருக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அனுப்பலாம், லைப்ரரில இருக்க சின்ன கம்ப்யூட்டர்ல தமிழ் விக்கிபீடியாவும் பாடப்புத்தகமும் நெட்டு இல்லாமலே தெறக்கும். பேட்டரிக்கு பணம் குடுத்த மகளிர் குழு அக்காமாருக்கு தனியா ஒரு கும்பிடு.

கீழத்தெருவுக்கு இன்னும் வரலன்னு கோவப்படுதீங்க, தெரியும். வாட்டர் டேங்க் பக்கத்து மாடிக்காரங்க சரின்னுட்டாங்க, ஞாயித்துக்கெழம காலைல ஏணியோட வாரோம், ரெண்டு பேரு புடிக்க வந்தா போதும், டீயும் வடையும் உங்க செலவு.