சுடாத நேரத்திலும் கண்காணிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காகக் கைத்துப்பாக்கி சுடுவோருக்குப் பயிற்சி நாள் நடத்த முன்வருவோர், இலக்கு அட்டைக்கும் பரிசுக் கோப்பைக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது, யாரும் சுடாமல் நிற்கும் இடைவேளைகள் மீது காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுடும்போது எல்லோர் கண்ணும் இலக்கின் மீதுதான் இருக்கும். தோட்டா சிக்கும்போதும் அட்டை மாற்றும்போதும்தான் ஒழுங்கு குலைகிறது. ரைஃபிளைப் பக்கவாட்டில் திருப்ப உடலே திரும்ப வேண்டும். கைத்துப்பாக்கிக்கோ மணிக்கட்டு அசைந்தாலே போதும். விசையை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கியை, "சார், இது சுடமாட்டேங்குது" என்று பின்னால் நிற்கும் பயிற்றுநரிடம் காட்டத் திரும்பும் புதியவரைச் சுடுதளத்தில் பழகிய பலரும் பார்த்திருப்பர். அந்த ஒரு நொடியில், விரல் விசையிலேயே இருக்க, குழல்முனை வரிசையில் நிற்போர் அனைவரையும் குறிபார்த்துவிட்டுப் போகும். எனவே, கோளாறு நேர்ந்தால் குழலை இலக்குத் திசையிலேயே வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மறு கையை உயர்த்தும் பழக்கத்தை, தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கொண்டு முதலிலேயே ஒத்திகை பார்க்கச் செய்ய வேண்டும். வெடிக்காத தோட்டா தாமதித்தும் வெடிக்கக்கூடும் என்பதால், குறைந்தது 30 விநாடி அப்படியே காத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட ஓசை மெலிந்து கேட்டாலோ, குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துவிடும் ஆபத்து உண்டு.

களத்தை நடத்துபவர் அன்றைக்குத் தானும் சுட ஆசைப்படாதவராக இருக்க வேண்டும். (அமைப்பாளர்களில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம்.) 'நிறுத்து' என்று குரல் கொடுக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு, மீண்டும் தொடங்கச் சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்கே. அட்டை மாற்ற யாரேனும் முன்னே செல்வதற்குள், மேகசின்களை (தோட்டாக்களை அடுக்கும் கழற்றக்கூடிய பெட்டிகளை) கழற்றி, தோட்டா அறை காலி என்பதைக் களத்தை நடத்துபவர் கண்ணால் பார்த்த பின், துப்பாக்கிகளைத் திறந்த நிலையில் மேசை மேல் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நிற்க வேண்டும். துடைப்பதற்காகக்கூட ஒருவரும் அவற்றைத் தொடக் கூடாது.

காதுமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் பார்வையாளருக்கும் கட்டாயம். கைத்துப்பாக்கியின் வெடியோசை 150 டெசிபெலைத் தாண்டும். சிறியதென்று நினைக்கும் .22 (0.22 அங்குல விட்டம்) தோட்டாவின் குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வல்லது; ஆகவே இலக்குக்குப் பின்னுள்ள தடுப்பு மேட்டை முன்கூட்டியே நேரில் பார்த்துவிட வேண்டும். ஈயத் துகள் ஒட்டிய கையோடு யாரும் உணவைத் தொடாதபடி, சோப்பும் தண்ணீரும் சுடுதளத்துக்கு அருகிலேயே இருக்கட்டும்.

முதன்முறை சுடுபவரின் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இடுவது நல்லது. பின்னுதைப்பில் கை மேலெழும்பும்போது விரல் தன்னையறியாமல் இரண்டாம் முறை விசையை இழுத்துவிடுவதுண்டு. அத்தகையவர் ஒவ்வொருவரின் அருகிலும் ஒரு பயிற்றுநர் நின்றாக வேண்டும். ஆதலால், எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைச் சுடுதளத்தின் நீளத்தைப் பார்த்து அல்ல, கையிலுள்ள பயிற்றுநர்களை எண்ணிப் பார்த்தே அமைப்பாளர்கள் முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்