முகப்பு ஊருக்கு, ஒழுகல் எங்களுக்கா?

புதுச்சேரியின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி எழுதுகிறவர்களுக்கும் ஒப்புதல் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னைச் சுற்றி ஒரு பித்தளைத் தவலை, ஒரு பெயிண்ட் வாளி, ஒரு அன்னக்கூடை. ஐப்பசி மழை எந்த உத்திரத்தடியில் முதலில் சொட்டும், எங்கே அரைமணி கழித்துச் சொட்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

வீட்டை இடிக்க அனுமதி கேட்கப் போகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். இடிக்க நினைத்திருந்தால் எங்கள் தெருவில் ஒருவர் செய்தது போல, ஒரு நீண்ட விடுமுறையில் ராத்திரியோடு ராத்திரியாக முடித்திருப்பேன். காலையில் பால் வாங்கப் போனபோது அந்தத் திண்ணைத் தூண்கள் லாரியில் கிடந்தன. பழைய தேக்குக்கு நல்ல விலை கிடைக்கிறது. முழுசாக நிற்கும் வீட்டைவிடப் பிரித்து விற்ற வீட்டுக்குக் காசு அதிகம் என்பதை இந்த ஊர் எப்போதோ கணக்குப் போட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் தெருவோரமாக மரக்கால் ஊன்றிய ஓட்டுத் தாழ்வாரம் இருக்கிறது. மழைக்கு யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அதற்குப் பின்னால் திண்ணை, நடை, முற்றம். மாடி ஏறினால் வேறு ஊருக்கு வந்தது போல இருக்கும்: வளைவுச் சன்னல், உயரமான கதவு, பூவேலை செய்த கைப்பிடிச் சுவர். "கீழே நாம, மேலே துரை" என்பாள் என் பாட்டி. இந்தக் கலவைக்காகத்தான் நீங்கள் இந்த வீடுகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் பட்டியலில் ஏறியதால் கூரை ஒழுகாமல் இருக்கப்போவதில்லை.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. இது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தி நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். ஒழுங்காகப் போட்டுப் பராமரித்தால் நூறு வருஷம் தாங்கும்.

எங்கள் கூரை தாங்காததற்குக் காரணம் என் அப்பா. எனக்குத் தெரிந்து அவர் செய்த ஒரே சிக்கனம் அதுதான். எண்பதுகளில் ஒரு மழைக்குப் பிறகு, சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடி அலுத்துப்போய், மேலே சிமெண்ட் பூசிவிட்டார். சுவருக்கும் அதே வைத்தியம். முதல் வருஷம் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்தடுத்த மழைக்காலங்களில் சுவரில் உப்புப் பூத்தது. சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்ட் அதன் வாயைப் பொத்திவிட்டது. உள்ளேயே தேங்கிய ஈரம், சுவருக்குள் சொருகியிருந்த உத்திர முனைகளைத் தின்றுவிட்டது. ஓர் உத்திரத்தின் முனையில் போன மாதம் விரலை வைத்து அழுத்தினேன். ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

அப்பா செய்தது தவறுதான். அன்று அவருக்கு அது தவறு என்று சொல்ல ஒரு ஆள் இருந்தாரா? இன்று எனக்கு இருக்கிறாரா? சுண்ணாம்பைப் பதமாக ஊறவைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தார். எழுபது வயது. அவர் மகன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். மாசம் பிறந்தால் சம்பளம், அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியவர் ஏணியில் ஏறும்போது நான் கீழே நின்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன், கூரைக்காக இல்லை. 'பழைய முறைப்படி, பழைய பொருள் கொண்டு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குப் பின்னால் ஆள் இல்லை.

இது முடியாத காரியம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வைசியாள் வீதி நம் கண்முன்னே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வேலை செய்தபோது, திட்டம் ஒரு பங்கு போட, வீட்டுக்காரர்களும் ஒரு பங்கு போட்டார்கள். முகப்புகள் எழுந்தன, தாழ்வாரங்கள் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. கூட்டாகச் செலவு செய்தால் மக்கள் வருகிறார்கள் என்று அந்தத் தெரு காட்டியது. சரி, அதற்குப் பிறகு எத்தனை தெருவுக்கு அந்த யோகம் வாய்த்தது?

இன்னொரு கட்டடத்தையும் நினைவுபடுத்த வேண்டும். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், நம் பழைய நகராட்சி. அது ஏழை விதவையின் வீடோ ஆறு பங்காளிகளின் வீடோ இல்லை, அரசாங்கத்தின் சொத்து. 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று சரிந்தது. பிறகு உலக வங்கிப் பணத்தில் அதே சாயலில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனால் அரசாங்கத்தாலேயே தன் பழைய கட்டடத்தை மழையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. எங்கள் வீடு விழுந்தால் எந்த வங்கி வரும்?

பங்காளிகள் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் ஆறு பங்கு. இரண்டு பங்கு பிரான்சில் இருக்கிறது. பெரியப்பா பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நல்லாயிருக்கியா அக்கா என்பதோடு தமிழ் முடிந்துவிடும். உத்திரம் மாற்றப் பணம் கேட்டால், "வித்துடலாமே" என்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி, பழைய வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பி வாடகை வருகிறது. பட்டியலில் உள்ள மனைக்கு அந்த வருமானம் இல்லை என்றால், அந்த இழப்பை யாராவது ஈடுகட்ட வேண்டும். மும்பையில் 1995-லேயே, பாரம்பரிய விதியால் கட்ட முடியாமல் போகும் பரப்பை வேறிடத்தில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையாக உரிமையாளருக்குத் தரும் ஏற்பாட்டை விதியிலேயே எழுதினார்கள். நடைமுறையில் அதற்கு ஆயிரம் சிக்கல் இருக்கலாம். இழப்பு என்று ஒன்று இருப்பதையாவது ஒப்புக்கொண்டார்களே.

வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதிக்குப் போனால் பழைய வீடுகள் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் நிறைய வீடுகளில் குடும்பம் இல்லை. தங்கும் விடுதி, காபிக் கடை, துணிக்கடை. முற்றத்தில் மேசை நாற்காலி. முதல் போட முடிந்தவர்கள் பழைய வீட்டைக் காப்பாற்றலாம், குடியிருக்கிறவர்கள் காலி செய்ய வேண்டும் என்பதா ஏற்பாடு? எங்கள் திண்ணையில் வாரத்துக்கு ஒரு ஜோடி கல்யாணப் போட்டோ எடுக்கிறது. எடுக்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஒருநாள் அந்த போட்டோக்காரர் என் அம்மாவை, "பாட்டி, கொஞ்சம் உள்ளே போங்க, பிரேம்ல வர்றீங்க" என்றார்.

அம்மாவுக்கு எண்பத்து நாலு. கழிப்பறை கொல்லைக் கோடியில். ராத்திரி முற்றத்தைக் கடந்து, மூன்று படி இறங்கிப் போக வேண்டும், மழையில் அந்தப் படி வழுக்கும். அவள் அறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை கட்ட வேண்டும். தெருவிலிருந்து அது தெரியவே தெரியாது. இதற்கு ஒப்புதல் வேண்டுமா, எந்தக் காகிதம், எத்தனை நாள் என்று என்னைப் போன்ற ஒருத்தி படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்கத்தில், தமிழில், எழுதித் தர முடியுமா?

கேட்பது அவ்வளவு பெரிதில்லை. ஒழுகலை அடைக்க, இற்றுப்போன உத்திரத்தை மாற்ற, கழிப்பறை கட்ட ஒரு தனி வழி வையுங்கள், அதற்கு நாள் கணக்கும் சொல்லுங்கள். ஐப்பசி ஒழுகலுக்குத் தை மாதம் அனுமதி வந்தால் பொங்கல் வைக்கத்தான் உதவும். உதவித்தொகை தருவதானால் முகப்புச் சாயத்துக்கு முன்னால் கூரைக்குத் தாருங்கள். சுண்ணாம்புக் கொத்தனார்களின் பெயரைத் திரட்டி வையுங்கள். அவர்களிடம் பத்துப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்துப் பழக விடுங்கள். அந்தப் பெரியவருக்குப் பிறகு நான் யாரைக் கூப்பிடுவேன்? வீட்டு வரியில், குடியிருந்து பராமரிக்கிறவர்களுக்கு ஏதாவது குறையுங்கள். ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்கும்போது எதற்காகச் சேர்த்தோம், எதைத் தொடக் கூடாது, எதைத் தாராளமாக மாற்றலாம் என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். தூண் முக்கியம் என்றால் தூணைத் தொடமாட்டோம்.

அப்புறம் ஒரு அழைப்பு. கார்த்திகை முடிவதற்குள், நல்ல மழை நாளாகப் பார்த்து வாருங்கள். தெருவில் நின்று முகப்பைப் பார்த்துவிட்டுப் போகாமல் உள்ளே வாருங்கள், காபி தருகிறேன். கூடத்தில் எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது என்று அம்மா சொல்வாள்.

இப்படிக்கு,
திண்ணை வீட்டுக்காரி