தாய்வழி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேப்பிள் மரங்களின் உறவுமுறையை டிஎன்ஏ கொண்டு ஆராய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதிலிருந்த, எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைப்படம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது பசுங்கணிகத்தின், அதாவது இலைச் செல்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பின், டிஎன்ஏவை மட்டும் வைத்து வரைந்தது. கட்டுரையோ அதையே மேப்பிள்களின் முழு வம்சாவளி என்கிறது.

பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் பசுங்கணிகம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகரந்தம் தந்த மரத்தின் பங்கு அதில் பதிவாகாது. நெருங்கிய இரண்டு சிற்றினங்கள் கலந்து, அந்தக் கலப்பின் சந்ததி தலைமுறை தலைமுறையாகத் தந்தை இனத்தின் மகரந்தத்தையே பெற்றுவந்தால் என்ன ஆகும்? செல்லின் பெரும்பாலான டிஎன்ஏ இருக்கும் உட்கருவில் ஏறக்குறைய முழுக்கத் தந்தை இனமாகவும், பசுங்கணிகத்தில் தாய் இனமாகவும் ஒரு மரம் நிற்கும். மேப்பிள்களில் இந்த இரண்டு வகை டிஎன்ஏவும் காட்டும் கிளைகள் சில இடங்களில் ஒத்துப்போகாததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கலப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கிளைகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு மரபணுவும் வெவ்வேறு வரலாற்றைக் காட்டும். ஒன்றிரண்டு டிஎன்ஏ வரிசைகளோடு நின்ற தொடக்ககால ஆய்வுகளில் அடிக்கிளைகள் தெளிவில்லாமல் இருந்ததும், நூற்றுக்கணக்கான உட்கரு மரபணுக்களை ஒப்பிட்டபோது அவற்றில் பல துலங்கியதும் இதனால்தான்.

டிஎன்ஏ ஆய்வைக் குறைத்துப் பேசவில்லை. முன்பு தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்த மேப்பிள்கள் இன்று பூந்திக்கொட்டையும் லிச்சியும் அடங்கிய சாப்பிண்டேசியே குடும்பத்தில், குதிரைக் கஷ்கொட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த மாற்றத்தில் டிஎன்ஏவுக்குப் பெரும் பங்கு உண்டு. வட அமெரிக்காவின் செம்மேப்பிளுக்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று, ஒரு பெருங்கடல் தாண்டி ஜப்பானில் வளரும் ஏசர் பிக்னாந்தம் என்ற மேப்பிள்! இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

அப்புறம், மாதிரி எங்கே எடுத்தது என்பதும் முக்கியம். தாவரவியல் தோட்டங்களில் பல மேப்பிள் சிற்றினங்கள் அருகருகே நிற்கின்றன. அங்கே விழும் விதையே கலப்பாக இருக்கலாம். அதிலிருந்து வளர்ந்த மரத்துக்குத் தாயின் பெயரையே பலகையில் எழுதிவிட்டால், டிஎன்ஏ வரிசை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தவறான பெயரில்தான் சேரும். காட்டில் சேகரித்து, ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் பத்திரப்படுத்திய மாதிரி இருந்தால் யாரும் திரும்பப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

அடுத்த இதழில் உட்கரு மரபணுக்களைக் கொண்டு வரைந்த கிளைப்படத்தையும் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். இரண்டும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்