"ரெண்டே படிதான்மா"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஊட்டியில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பதினோரு கடைகள். எங்கே என்ன ருசி, இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும், வண்டி நிறுத்த இடம் உண்டா, குளிருக்கு இதமாக நல்ல டீ எங்கே, பார் வசதி எங்கே என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார் உங்கள் நிருபர். வாயூறிக்கொண்டுதான் படித்தேன். அந்தப் பதினொன்றில் நான் உள்ளே போகக்கூடிய கடை எது என்பது மட்டும் கடைசி வரி வரைக்கும் தெரியவில்லை.

எனக்கு வயது 53. இரண்டு வயதில் போலியோ. நாற்பத்தைந்து வயது வரை காலில் மாட்டுகிற காலிப்பர் சட்டம், ஊன்றுகோல் என்று ஓட்டிவிட்டேன். தோள்பட்டை இனி முடியாது என்று சொன்ன பிறகு வீல்சேர். பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், இங்கேயே ஒரு வங்கிக் கிளையில் வேலை. எங்கள் மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருப்பதால் எம்.ஜி. ரோடு வரை யாரையும் கூப்பிடாமல் போய் வருவேன். அதற்காக எங்கள் ஊரை மெச்சிக்கொள்ளவும் முடியாது. தர்ஷினி என்கிற எங்கள் ஊர்ச் சின்ன டிபன் கடைகளில் நின்றுகொண்டே சாப்பிடுகிற உயர மேஜைதான். வீல்சேரில் உட்கார்ந்து பார்த்தால் தட்டின் அடிப்பாகம் தெரியும். மசால் தோசையை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வாசலில் படி இல்லாத தர்ஷினி இரண்டு எனக்குத் தெரியும், வீடும் பக்கத்திலேயே. அவசரம் என்றால் திரும்பிவிடலாம். வெளியூரில், அதுவும் மலையில், அந்தக் கதை நடக்காது.

போன நவம்பரில் தம்பி, தம்பி மனைவி, அம்மா, நான் நால்வரும் காரில் ஊட்டிக்குப் போனோம். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைத்துவிடுவார்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி அங்கே இருக்கிற மாதிரி இருட்டிலேயே கிளம்பினோம். நான் முந்தின நாள் ராத்திரி எட்டு மணியோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன். வழியில் இருக்கும் கழிவறைகளில் பாதி குந்தி உட்காருகிற வகை, மீதியில் கதவு குறுகல். என்னைப் போன்றவர்களிடம் வெளியூரில் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வராது, கவனித்திருக்கிறீர்களா? மனசுக்குள் கழிவறையைத் தேடிக்கொண்டிருப்போம். இப்படித் தண்ணீரை அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு தடவை மருந்து சாப்பிட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு எல்லையில் கக்கநல்லா சாவடியில், ஊட்டிக்குப் போகிற வண்டிகளுக்கான இ-பாஸ் காட்டினோம், பிளாஸ்டிக் பாட்டில் உண்டா என்று பார்த்தார்கள், கூடலூர் வழியாக ஏறினோம். பைக்காரா பக்கம் மூடுபனி. அழகாகத்தான் இருந்தது. நாக்குதான் வறண்டு கிடந்தது.

கிளம்புவதற்கு முன்பே தம்பி ஐந்து கடைகளுக்கு ஃபோன் போட்டு "வீல்சேர் வருமாங்க?" என்று கேட்டிருந்தான். ஐந்து பேரும் தாராளமாக வரலாம் என்றார்கள். இரண்டு பேர் கூடவே ஒன்றும் சொன்னார்கள்: "ரெண்டே படிதான்மா, தூக்கி விட்டுடலாம்." அவன் குரல் கொஞ்சம் மென்மை, பெண் என்று நினைத்திருப்பார்கள் போல.

முதல் நாள் மதியம் போன இடத்தில் படி நான்கு. என் கைப்பையில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் இருக்கும். அளந்தேன், படி ஒன்றுக்கு ஏழு அங்குலம், ஆக இருபத்தெட்டு. பக்கத்தில் ராம்ப் என்று ஓர் இரும்புத் தகடு சாய்த்து வைத்திருந்தார்கள், ஆறு அடி நீளம். இதற்குக் கணக்கு சுலபம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும்; அரசு வழிகாட்டுதலில் 1-க்கு 12 என்று போட்டிருப்பது இதைத்தான். இருபத்தெட்டு அங்குலத்துக்கு இருபத்தெட்டு அடி. ஆறடித் தகட்டில், அதுவும் தூறலில் நனைந்து பாசி பிடித்த தகட்டில், என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினால் தம்பி வழுக்கி விழுவான், நான் பின்பக்கமாகச் சாலைக்கு வந்துவிடுவேன்.

"நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம்மா, நம்ம பசங்க இருக்காங்க" என்றார் முதலாளி. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் என் அக்குளிலும் தொடைக்கு அடியிலும் கை கொடுத்துத் தூக்க, சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்க, அப்படி உள்ளே போய்ச் சாப்பிடுகிற சாப்பாடு எனக்கு இறங்காது. வேண்டாம் என்றேன். ராம்ப் கணக்கையும் சொன்னேன். "இருபத்தெட்டு அடிக்கு இந்தக் கடைவீதியில எங்கம்மா போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மலையில் சமதளம் கிடைப்பதே பெரிய விஷயம்.

பதில் அவரிடம் வேலை பார்க்கும் பையனிடமிருந்து வந்தது. "அக்கா, பின்னாடி மேல்ரோட்டுல இருந்து சிலிண்டர் வர்ற வழி இருக்கு. அங்க படியே கிடையாது." காரைச் சுற்றிக்கொண்டு மேலே போனோம். உண்மைதான். சரிவில் கட்டிய கட்டிடத்துக்கு ஒரு விதத்தில் இரண்டு தரைத்தளம். கீழ்ச் சாலையிலிருந்து படியேறிப் போகும் கூடம், பின்னால் மேல்சாலைக்குச் சமமாக இருக்கிறது. அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் உருண்டு போகிற வழியில் என் சக்கரமும் உருண்டது. வெங்காய மூட்டைக்கும் மாவு அரைக்கிற கிரைண்டருக்கும் நடுவில் புகுந்து, சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு ஒதுங்கி நிற்க, கூடத்துக்குள் வந்து சேர்ந்தேன். பின்வாசல் வழியாக வந்ததில் எனக்கு மானக்கேடு ஒன்றுமில்லை. தாளிக்கிற வாசனை முதலில் எனக்குத்தான் கிடைத்தது. என் வருத்தமெல்லாம், அந்த வழி இருப்பது ஃபோனில் பேசியவருக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை என்பதுதான். மூட்டைகளைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒரு விளக்கைப் போட்டு, மேல்சாலையில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் சரிவில் கட்டிய கடைகள்தான். எத்தனை கடையில் இப்படி ஒரு பின்வழி சும்மா கிடக்கிறதோ.

உள்ளே மேஜை. மேல்பலகைக்குக் கீழே ஓரத்தில் ஒரு சட்டம் அடித்திருப்பார்களே, அது முழங்காலில் இடித்தது. தரையிலிருந்து சட்டம் வரை இருபத்தைந்து அங்குலம், எனக்குக் குறைந்தது இருபத்தேழு அங்குலம் வேண்டும். பக்கவாட்டில் நின்றுகொண்டு, முதுகை முறுக்கி, சாம்பாரைச் சேலையில் சிந்தியபடி சாப்பிட்டேன். சாப்பாடு அருமை. காபி வேண்டுமா என்று சர்வர் கேட்டார் (என்னை விட்டுவிட்டுத் தம்பி மனைவியிடம், அது தனிக் கதை). கழிவறை எங்கே என்று கேட்டேன். ஆறு படி கீழே என்றார். காபி வேண்டாம் என்றேன்.

தங்கிய விடுதியில் அறை நன்றாக இருந்தது, அறைக் கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தது. ஆனால் கணப்பு மூட்டிய சாப்பாட்டுக் கூடம் அரை மாடி கீழே, பார் அதற்கும் கீழே. "ரூமுக்கே அனுப்பிடுறோம் மேடம்" என்றார்கள். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து, கட்டில் ஓரத்தில் ட்ரேயை வைத்துச் சாப்பிடுவதற்கு அல்சூரே போதுமே! தம்பியும் அவன் மனைவியும் பாருக்குப் போய்விட்டு வந்தார்கள். நான் போயிருந்தால் குடித்திருப்பேனா, எலுமிச்சை ஜூஸ் சொல்லியிருப்பேனா, தெரியாது. எனக்காகப் படிக்கட்டு முடிவு செய்துவிட்டது.

இந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகக் குடித்தது ஒரு தெருவோர டீக்கடையில். கடை சாலையோடு சாலையாக இருந்தது. வீல்சேர்க்காரர்களுக்குக் கை இரண்டும் சக்கரத்துக்கு. டீ கிளாஸைக் கையில் வாங்கினால் வண்டி நிற்காது. மலைச்சரிவில் பிரேக் போட்டாலும் மெல்ல நழுவும், ஈரத்தில் விளிம்பு வழுக்கும். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. லாரிக்கு வைப்பது போலப் பின்சக்கரத்துக்கு அணைவாக ஒரு கல்லை வைத்தார். காலிப் பால் கிரேட்டைக் கவிழ்த்து என் கை எட்டும் இடத்தில் போட்டு, அதன் மேல் டீயும் இரண்டு வர்க்கியும் வைத்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஊட்டி வர்க்கி, மொறுமொறு பிஸ்கட் மாதிரி. பிட்டால் ஏடு ஏடாக உதிர்ந்து மடியெல்லாம் தூள். டீயைப் பாதிதான் குடித்தேன். விடுதிக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டிடமும் அதில் பொதுக் கட்டிடம்தான். பழைய கட்டிடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டு கெடு கொடுத்தார்கள், அது 2022-இலேயே முடிந்துபோனது. இந்த விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் டீக்கடைக்காரர் மேல் பிரயோகிக்க நான் சொல்ல மாட்டேன். மாடி மேல் மாடி கட்டுகிறவர்களைக் கேட்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். உங்கள் நிருபர் கடைக்குக் கடை விலையும் நட்சத்திரமும் போடுகிறார். அடுத்த முறை கூடவே மூன்று எண்களையும் போடச் சொல்லுங்கள்: வாசலிலிருந்து மேஜை வரை எத்தனை படி, மேஜைக்கு அடியில் எத்தனை அங்குலம், கழிவறைக் கதவு எத்தனை அங்குலம். என் நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. வழிகாட்டுதல் சொல்லும் கதவு 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றடி. அவ்வளவு இல்லாவிட்டாலும் எண் கையில் இருந்தால் போவதா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்வேன். "வசதி உண்டு" என்று மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதுவும் "ரெண்டே படிதான்மா" மாதிரிதான். பின்வாசல் வழி இருந்தால் அதையும் ஒரு வரி எழுதட்டும். தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப் போதும், கடைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. முழங்கால் தேய்ந்த தாத்தா பாட்டிகளும், குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

மே மாத மலர்க்காட்சிக்குப் போகலாம் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார். பட்டியல் அதற்கு முன்னால் வந்தால் நல்லது. பதினொன்றில் ஒன்று தேறினால்கூடப் போதும், உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு காபி சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி,
பெங்களூரு