கள்ளையும் குவார்ட்டரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீசுக்குப் போனால் மலையாளம், அப்படிப்பட்ட ஊர். உங்கள் பேப்பர் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் நான் தோப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்திருப்பேன், அப்புறம்தான் படிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் கள்ளைப் பற்றி இரண்டு கடிதம் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். ஒருவர், கள்ளாக இருந்தால் என்ன பிராந்தியாக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே சாக்கடைதான் என்கிறார். இன்னொருவர், கள் மருந்து, குழந்தைக்கே கொடுக்கலாம் என்கிறார். இரண்டு பேருமே கள்ளைக் குடித்துப் பார்த்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. நான் முப்பத்தெட்டு வருஷமாகக் குடிக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்தது காலைக் கள். தென்னங்கள். முந்தின நாள் சாயங்காலம் பாளையைச் சீவிக் கலயம் கட்டிவிட்டு இறங்கினால், ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விழுந்து காலையில் இறக்குவார்களே, அது. கள்ளு ஷாப்பு திறந்த கையோடு போய் உட்கார்ந்தால் கிடைக்கும். கிளாசில் ஊற்றும்போது பால் மாதிரி வெள்ளையாக விழும், மேலே நுரை ஒரு விரற்கடை நிற்கும். எடுத்து வாயில் வைக்கப் போனால் ஊற்றிக் கொடுக்கிற பெரியவர், "சித்தெ இருங்க மாப்ளெ, நுரை அடங்கட்டும்" என்பார். அந்த அரை நிமிஷத்தில்தான் வாசனை வரும், ஆப்பமாவு புளித்து எழும்பும்போது வருமே அதே வாசனை. முதல் மடக்கு இனிப்பு, அதற்குப் பின்னாலேயே ஒரு சின்னப் புளிப்பு, நாக்கு நுனியில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுறுசுறுப்பு. இதே கள்ளை மத்தியானம் குடித்தால் இனிப்பு பாதி போயிருக்கும். சாயங்காலம் குடித்தால் புளிப்பும் போதையும்தான் மிச்சம். அந்த மூத்த கள்ளைத் தேடி வருகிறவர்களும் உண்டு, அவர்கள் நாக்கு அவர்களுக்கு. எனக்குப் பத்து மணி தாண்டினால் வேண்டாம்.

ஏன் இப்படி மாறுகிறது என்றால், கள்ளில் யாரும் எதையும் போட்டு ஊறவைப்பதில்லை. பாளையிலிருந்து விழுவது சர்க்கரைத் தண்ணீர், காற்றிலும் பழைய கலயத்தின் மண்டியிலும் இருக்கிற ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்கிறது, சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாராயச் சத்தாகிக்கொண்டே போகிறது. விட்டுவைத்தால் மறுநாள் காடிதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் இந்த வேலை நடக்காது, அதுதான் பதநீர். அதாவது பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு கை சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான். கேரளத்தில் தென்னங்கள்ளில் போதைச் சத்து 8.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். காலைக் கள் அந்த அளவுக்கு ரொம்பக் கீழே.

இப்போது குவார்ட்டருக்கு வருகிறேன். என் மச்சினன் பொள்ளாச்சிப் பக்கம். நல்ல உழைப்பாளி, நானூறு தென்னை வைத்திருக்கிறான், ஒன்றில்கூடக் கலயம் கட்ட முடியாது, கட்டினால் கேஸ். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரில் இருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. ஆகவே அவனுக்குத் தெரிந்த குடி ஒன்றே ஒன்றுதான், 180 மில்லி பிராந்தி, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், நின்றவாக்கில் ஐந்து நிமிஷம். ஒருநாள் நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. 180 மில்லியில் அது 77 மில்லி சுத்தச் சாராயம். ஐந்து சதவீதக் கள்ளில் அதே 77 மில்லி வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் கள்ளை எந்த மனுஷன் ஐந்து நிமிஷத்தில் குடிப்பான்? வயிறே விடாது. இதைத்தான் அந்த முதல் கடிதக்காரருக்குச் சொல்ல விரும்புகிறேன். போதை இரண்டிலும் ஒன்றுதான், உடம்புக்குள் போகிற வேகம் ஒன்றில்லை. வேகம்தான் ஆளை அடிக்கிறது.

அவனை முதல் தடவை ஷாப்புக்குக் கூட்டிப்போனது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கிளாஸை மூச்சுவிடாமல் குடித்து வைத்துவிட்டு, "என்ன மாமா, ஏறவே இல்லையே" என்றான். எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது. ஏறுவதற்கு மட்டும்தான் குடி என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவன் அப்பா பனங்கள் குடித்தவர், எந்தத் தோட்டத்து மரம், எந்த மாசத்துக் கள் என்று நாக்கில் வைத்தே சொல்வார். ஒரே தலைமுறையில் அந்த நாக்கு போய்விட்டது. தடை வந்தபோது மரம் ஏறிக்கொண்டிருந்த இருபது வயசுப் பையனுக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது. அவனுக்குப் பிறகு பாளை சீவ அந்தப் பக்கம் ஆள் கிடையாது.

பாளை சீவுவது லேசான வேலை இல்லை, ஐயா. விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, எலும்பால் சுற்றிச் சுற்றி அளவாகத் தட்டிப் பக்குவப்படுத்த வேண்டும், ஓங்கித் தட்டினால் பாளை கெட்டுவிடும், மெள்ளத் தட்டினால் கள் வராது. நாள் கணக்கில் இப்படிச் செய்த பிறகுதான் முதல் சொட்டு. அப்புறம் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தினமும் மூன்று நேரம் ஏறி, நுனியை வெற்றிலை கனத்துக்குச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் வெட்டு காய்ந்துபோகும். எங்கள் தோப்பில் பதினாறு மரம் செத்துக்கு விட்டிருக்கிறோம் (பாளை சீவுவதை இங்கே செத்து என்பார்கள்), மரத்துக்கு மரம் நம்பர் போட்டிருக்கும். ஏறுகிறவர் கத்தியை இடுப்பில் செருகியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே அவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று சொல்லிவிடலாம். கேரளத்தின் பல ஜில்லா ஷாப்புகளுக்கு எங்கள் சித்தூர்க் கள்தான் விடியற்காலையில் வண்டி ஏறிப் போகிறது. கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் ரோட்டில் வந்து பாருங்கள், இந்தப் பக்கம் மரத்தில் கலயம் தொங்கும், அந்தப் பக்கம் அதே ஜாதி மரம், அதே மண், அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, வெறும் தேங்காய்தான் தொங்கும்.

சரி, மருந்து என்று சொன்ன இரண்டாவது கடிதக்காரருக்கு. ஐயா, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். கள்ளிலும் இருப்பது சாராயச் சத்துதான். குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பது பெரிய தப்பு. எங்கள் தெருவில் ஒருவர் பிராந்தியைக் கையால் தொட்டதில்லை, கள் மட்டும்தான், ஆனால் ஷாப்பு திறந்ததிலிருந்து மூடுகிற வரை அங்கேயேதான் இருப்பார். நிலம் போயிற்று, மனைவி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். என் சொந்த அண்ணன் பிராந்தியில் கல்லீரல் கெட்டு ஐம்பத்திரண்டு வயதில் போனான். கடைசி நாட்களில் அவன் வயிறு வீங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே கள்ளை அமிர்தம் என்று நான் சொல்லமாட்டேன், எவரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். குடிக்காதவர் அப்படியே இருக்கட்டும். குடிக்கிறவனுக்கு எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் என்ற பேச்சு வேண்டும், அது நம்மிடம் இல்லை. குடி என்றாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். மறைத்துக் குடிக்கிறவன் அவசரமாகத்தான் குடிப்பான்.

என் அளவு ஒரு குப்பி. வாரத்தில் இரண்டு நாள், அதிலும் வயலில் மருந்தடிக்கிற நாள் கிடையாது. நடந்து போய் நடந்து வருவேன், வண்டி எடுப்பதில்லை. தொட்டுக்கொள்ள வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்). ஷாப்பு மீன்கறி நன்றாகத்தான் இருக்கும், நானும் சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் அதன் காரம் அடுத்த குப்பியைக் கேட்கும், காரம் போடுவதே அதற்குத்தான் என்று நினைக்கிறேன். கிழங்கு அப்படிக் கேட்காது. வீட்டுக்குத் திரும்பும்போது கால் குப்பி இளங்கள் வாங்கி வருவேன், அது எனக்கு இல்லை, என் மனைவி ஆப்பமாவில் ஊற்றுவதற்கு. அவள் வாயில் வைத்ததே இல்லை, ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு "இது நேத்தைய கள்ளு, ஏமாந்துட்டீங்க" என்று சரியாகச் சொல்லிவிடுவாள்.

ஏமாந்ததும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில், தெரியாத ஊரில் ஒரு ஷாப்பில் ஒரே ஒரு கிளாஸ் குடித்தேன். பார்க்க வெள்ளையாக நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது, அங்கேயே திண்ணையில் சாய்ந்தவன் பொழுது சாயும்போதுதான் கண் விழித்தேன், முகூர்த்தம் பந்தி எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கிளாஸ் கள் அப்படி யாரையும் சாய்க்காது. குளோரல் ஹைட்ரேட், டயஸெபாம் மாதிரி மருந்துகளைக் கலந்து பிடிபட்ட வழக்குகள் கேரளத்தில் உண்டு. மரம் கொடுப்பது ஒரு அளவு, ஷாப்புக்கு வேண்டியது அதைவிட அதிகம், நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்தத் திருட்டு நுழைகிறது. அன்றிலிருந்து எந்தத் தோப்புக் கள் என்று தெரியாமல் வாயில் வைப்பதில்லை. அசல் கள்ளைக் குப்பியில் அடைத்து இறுக்கி மூடினால் சும்மா இருக்காது, உள்ளே பொங்கி மூடியைத் தள்ளும். கம்மென்று கிடக்கிற கள் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

மற்றதையும் குடித்துப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் பீர் குடித்தேன், பல் கூசுகிற குளிரில் ருசி எங்கே தெரியும், கசப்பு மட்டும் தொண்டையில் நின்றது. ரம் ஒரு தடவை நெல்லியாம்பதியில், மார்கழி ராத்திரி, சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அது நன்றாக இருந்தது, ஆனால் அதற்கு மலையும் குளிரும் வேண்டும், எங்கள் வெயிலுக்கு ஆகாது. பிராந்தியை அண்ணன் போனதோடு விட்டுவிட்டேன்.

கள்ளுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது என்றால் அதுவும் கள்தான், பனங்கள். தென்னை வருஷம் முழுக்கக் கொடுக்கும், பனை கோடையில்தான். லேசாகப் புகை ஏறின மாதிரி ஒரு வாசம் இருக்கும், தென்னங்கள்ளைவிடக் கொஞ்சம் கனம், வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் நெஞ்சு வரைக்கும் குளிரும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அந்த மரத்துக் கள்ளைக் குடிக்கத் தமிழ்நாட்டுக்காரன் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி எங்கள் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஷாப்பு வாசலில் பாதி வண்டி தமிழ்நாட்டு நம்பர். இதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. குடித்துவிட்டு அத்தனை பேரும் வண்டியை ஓட்டிக்கொண்டுதானே திரும்புகிறார்கள்? அவரவர் ஊரில், அவரவர் தோட்டத்தில் கிடைத்தால் நடந்து போய்விடுவார்களே.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கள்ளைப் பற்றி எழுத உங்கள் நிருபரை அனுப்புங்கள், ஆனால் மத்தியானம் ஷாப்பு வாசலில் விழுந்து கிடப்பவரைப் படம் எடுக்க அனுப்பாதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அனுப்புங்கள். மரம் ஏறுகிறவரோடு நடக்கச் சொல்லுங்கள், கலயத்தில் விழுந்த தேனீயை அவர் வடிகட்டுவதைப் பார்க்கச் சொல்லுங்கள், வீழ்ந்து இடுப்பு ஒடிந்தவர்களைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். அவர் குடிக்க வேண்டியதில்லை.

மச்சினன் இப்போது மாறியிருக்கிறான். போன மாசம் வந்தவன் ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்திருந்தான். கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, "மாமா, இது போன தடவை குடிச்ச மரம் இல்லை, இல்லையா?" என்று கேட்டான். ஊற்றிக் கொடுக்கிற பெரியவரிடம் விசாரித்தோம். ஆமாம், வேறு தோப்புக் கள்தான். மாசி பிறந்துவிட்டது, பனையில் பாளை வந்திருக்கிறது, வருகிற ஞாயிறு அவனைப் பனங்கள்ளுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை